கொசு வாத்தியார்

இசைக் கல்லூரியில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கொசு வாத்தியார். அது அவருக்கும் தெரியும். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். பாடம் நடத்தும்போது ஒவ்வொருவர் காதுப் பக்கமாகக் குனிந்து நின்று பேசுவார். அதனால்தான் அந்தப் பெயர் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பட்டப்பெயர் வைக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இசையும் வராது என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் செய்தது மின்னணு இசை. அவர் தொடங்கிய காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. என்ன வாத்தியம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டால், குமிழ் திருகுகிறேன் என்பார். பெண் கொடுத்த மாமனார் கடைசிவரை, மாப்பிள்ளை ரேடியோ ரிப்பேர் பார்க்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த வாத்தியங்களைப் போட்டுவைக்கும் ஓர் அறை இருந்தது. முதல்வர் பின்னாலேயே நடந்து நடந்து அந்த அறையை வாங்கினார். இரண்டு டேப் ரிக்கார்டர், ஒலி எழுப்பும் பெட்டி ஒன்று, நாடாவை வெட்டி ஒட்ட ஒரு பிளேடு. அவ்வளவுதான் முதல். அதை வைத்து ஒரு துறையையே எழுப்பினார். மழை, லிஃப்ட் கதவு, தட்டச்சு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பதிந்து, நீட்டி, குறுக்கி, தலைகீழாக்கி அவர் கட்டிய இசையைக் கேட்க ஒரு கூட்டம் சேர்ந்தது. பிறகு பெரிய அரங்குகள் அழைத்தன.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பு ஒரே மாதிரிதான் நடக்கும். ஒலிப்பெட்டியை முடுக்கி, கீச்சென்ற ஒரு சத்தத்தை மெல்ல மெல்ல மேலே ஏற்றுவார். கேட்கிறவரைக்கும் கையைத் தூக்கிவைத்திருக்க வேண்டும், கேட்காமல் போனதும் இறக்கிவிட வேண்டும். பிள்ளைகளோடு அவரும் ஒரு கையைத் தூக்கியிருப்பார். இன்னொரு கை குமிழில் இருக்கும், கண் அளவுமுள்ளில் இருக்கும். கடைசியில், வயதானால் மேல் ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும் என்று விளக்குவார். "வயசானா எல்லாருக்கும் மேல்மாடி காலி" என்பார். வகுப்பு சிரிக்கும். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு ஒரே பெண். அவள் அந்த மாடிப்படி அறையிலேயே தவழ்ந்து வளர்ந்தவள். சரியாகப் பேச்சு வந்திராத வயதில் ஒருநாள் சமையலறையிலிருந்து ஓடிவந்து, ஃபிரிட்ஜும் ஃபேனும் சண்டை போடுகின்றன என்றாள். போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். உண்மைதான். இரண்டின் உறுமலும் நூலளவு விலகியிருந்ததில் ஊங், ஊங் என்று ஒரு துடிப்பு எழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு நாள் அதே வீட்டில் இருந்தும் அவர் கவனிக்காதது. அன்று பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் அந்தக் கதையைச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவள் அப்பாவின் வகுப்பில் சேர்ந்தாள். கல்லூரியில் அவரை சார் என்பாள், வீட்டுக்கு வந்ததும் அப்பா என்பாள். இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

அந்த வருடம்தான் வாத்தியார் அந்தப் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மூடப்பட்ட ஒரு வானொலி நிலையத்திலிருந்து வந்தது. பீரோ அளவு இருக்கும், முகமெல்லாம் குமிழும் ஒயரும். வேனில் ஏற்றிக்கொண்டு வந்தபோது டிரைவருக்குப் பக்கத்தில் உட்காராமல், பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தார். கல்யாணத்தன்று தன்னைக்கூட அப்படிப் பிடித்துக்கொண்டு வரவில்லை என்றார் மனைவி. சில மாதம் அவருக்குச் சோறு தண்ணி ஞாபகமே இல்லை. அதில் அவர் கட்டிய முதல் பெரிய படைப்பை, அரங்கேற்றத்துக்கு முன்னால் வகுப்புக்குப் போட்டுக் காட்டினார்.

ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவர் டேப்பை நிறுத்தினார். என்னவென்று கேட்டார்.

"சார், விசில் மாதிரி ஒண்ணு வருது. ரொம்ப மேல. விடாம வருது. காது வலிக்குது."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். வேறு யாருக்காவது கேட்கிறதா என்றார். ஒரு கையும் எழவில்லை. இயந்திரத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு, தூக்கம் கெட்ட நாட்கள், அரங்கேற்றப் பயம் எல்லாம் சேர்ந்து அவரைச் சீண்டின. சொந்தப் பெண்ணே எல்லோர் முன்னாலும் காதைப் பொத்துகிறாள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சங்கீதம் கேக்கற காது வேற, கம்மல் போடற காது வேற."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டேப் முடியும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் அவள் கல்லூரிக்குக் கிளம்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று மனைவி சொன்னார். கோபம் தணிந்தால் அவளே வருவாள் என்றார் இவர். கோபம் என்று எதுவும் இருந்த மாதிரியே தெரியவில்லை. சாப்பிட்டாள், பேசினாள், டிவி பார்த்தாள். சில வாரம் கழித்து, பொறியியல் படிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். படித்தாள், குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், அங்கேயே வேரூன்றிவிட்டாள். அம்மாவுக்கு வாராவாரம் போன் வரும். கடைசியில் அது இவர் கைக்கு வரும். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பார். உடம்பு எப்படி என்பாள். இருக்கிறது என்பார். ஒரு குறை சொல்ல முடியாது. கடை வாசலில் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பது மாதிரி அத்தனை மரியாதையாக இருக்கும். அப்பாவின் கச்சேரி எதற்கும் அவள் வரவில்லை. மகளுக்குத் தன் இசையில் ருசியில்லை, அது அவரவர் வாங்கி வந்த வரம் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அந்தப் படைப்பு அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அந்த இயந்திரத்தில்தான் செய்தார். போகப் போக ஒலியில் இன்னும் வெளிச்சம் வேண்டும், இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று மேல்பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வெளிச்சம் என்பது அவர் வார்த்தை. மாணவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரின் வெளிச்சம் என்று தங்கள் படைப்புகளிலும் மேலே கூட்டினார்கள். ஒரு தலைமுறையே கூசக் கூச இசை செய்தது. அவர் கச்சேரிகளில் கைக்குழந்தைகள் வீறிட்டு அழும். குழந்தைகளை அழைத்து வரவேண்டாம் என்று அழைப்பிதழில் அச்சடிக்கச் சொன்னார். வர வர அரங்கில் நரைத்த தலைகளாகவே தெரிந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று மேடையிலேயே சொன்னார். நரைத்த தலைகள் கைதட்டின.

ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, அவருடைய எல்லாப் படைப்புகளையும் தூசு தட்டிச் சுத்தம் செய்து ஒரே தொகுப்பாக வெளியிடக் கல்லூரி முடிவுசெய்தது. அப்போது துறைத் தலைவராக இருந்தவர் அவருடைய பழைய மாணவர்தான், அவர் பெண்ணோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒருநாள் காலையில் வாத்தியாரை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்தார்.

அங்கே கணினி முன்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது அவள் வேலை. அவரைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து, ரொம்ப நாளாக உங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன் சார் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்த விசிலை அப்படியே விட்டுடவா சார், எடுத்துடவா? வேணும்னுதான் வெச்சிருக்கீங்களான்னு தெரியல."

எந்த விசில் என்றார்.

அவள் துறைத் தலைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள் திரையைக் காட்டினாள். ஒலியைப் படமாக விரித்துக் காட்டும் திரை. கீழே இடிமுழக்கங்கள், நடுவே குரல்கள். அந்தப் படத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். படத்தின் உச்சியில், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. தொடக்கத்திலிருந்து முடிவுவரை அறுபடாமல் ஓடியது. ஓடவிடச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திரையில் கோடு நகர்ந்தது. காதில் ஒன்றும் இல்லை.

அடுத்த படைப்பைத் திறக்கச் சொன்னார். அதிலும் கோடு. அதற்கடுத்ததிலும். போகப் போகக் கோடு தடித்தது. பிறகு பின்னோக்கிப் போகச் சொன்னார். இயந்திரம் வந்த வருடம்வரை கோடு இருந்தது. அதற்கு முந்தைய வருடத்தில் இல்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் கேட்டார்.

"உனக்குக் கேட்டுதா?"

"எங்க எல்லாருக்கும் கேட்டுது சார். அன்னைக்கு வகுப்புல இருந்த எல்லாருக்கும். நீங்க கேட்டப்ப உங்க முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கப் பயந்தோம். பெத்த பொண்ணையே அப்படிச் சொல்லிட்டீங்க. அப்புறம் யாரு வாயைத் திறப்பா?"

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வருட மாணவர்களுக்கும் மூத்தவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்களாம், வாத்தியாரின் பாட்டில் ஒரு கொசு இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள் என்று. அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். அவர் ஒல்லியாக இருந்தது காரணமே இல்லை. இப்போதெல்லாம் தனக்கும் அந்தக் கொசு கேட்பதில்லை என்று துறைத் தலைவர் சேர்த்துச் சொன்னார். அதில் ஆறுதல் சொல்கிற குரல் இருந்தது.

வாத்தியார் வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வகுப்பு நடந்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. மேல்மாடி காலியாகத் தொடங்குகிற வயது. வருடம் தவறாமல் அவரே சொன்ன பாடம். ஒரு நிமிடம் அளவுமுள்ளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். பெண் சொன்ன அன்று சாயங்காலமே இயந்திரத்தைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கோ ஓர் உறுப்பு கசிந்திருக்கிறது, ஒரு நாள் வேலை. அதைச் செய்ய அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை, வீம்பைத் தவிர.

விஷயத்தைக் கேட்ட மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "அரங்கேற்றத்தன்னைக்கு எனக்கும் அது கேக்கலைங்க. அதான் அவ பக்கம் நின்னு உங்ககிட்ட சண்டை போடல" என்றார். பிறகு, போனில் சொல்லிவிட வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றார். தான் கூட வரமாட்டேன் என்பதையும் சொன்னார். தான் வந்தால் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் போய்விடுமாம்.

அவர் போனார். பையில் நல்ல ஹெட்போன், மடிக்கணினி, அந்தப் பழைய படைப்பு. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பெண் கதவைத் திறந்தபோது அவள் காதோரம் நரைத்திருந்ததை அவர் அன்றுதான் கவனித்தார். முந்தின முறை வந்தபோதும் நரைத்துத்தான் இருந்திருக்கும்.

டீ குடித்து முடித்ததும், ஒன்று போட்டுக் காட்டுகிறேன், கேள் என்றார். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நொடி முகம் சுளிக்கும், கை எப்போது காதுக்குப் போகும் என்று காத்திருந்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் சொல்வதற்காகத்தான் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். முகம் சுளிக்கவே இல்லை. அவள் கடைசிவரை அமைதியாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினேன்னு தெரியல."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசில் கேட்கவில்லையா என்றார். இல்லையே என்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று அவருக்கு இருந்த வயது இன்று அவளுக்கு. கொண்டுவந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. அவசரமாகக் கணினியைத் திருப்பி உச்சியில் ஓடிய கோட்டைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார், அடுக்கி வைத்த வரிசை எதுவும் நினைவில் இல்லாமல் முன்னும் பின்னுமாக. கொசு என்ற பெயரின் கதையையும் சொன்னார். அவள் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்துப் பார்த்தாள்.

"அப்போ எனக்குக் கேட்டது நிஜந்தான்."

"நிஜந்தாம்மா. தப்பு என் பேர்லதான்."

"கொஞ்ச நாள் நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். ஒண்ணும் இல்லைன்னார். அவருக்குத் தெரியலன்னு நெனச்சேன்."

அவள் அழுவாள், திட்டுவாள், இல்லை கையையாவது பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தொகுப்பில் அந்த விசிலைத் துடைக்கப் போவதில்லை, அப்படியே விட்டு, முன்னுரையில் நடந்ததையெல்லாம் எழுதிவிடப் போகிறேன் என்றார்.

"வேணாம்ப்பா, எடுத்துடச் சொல்லுங்க. கேக்கறவங்க காது என்ன பாவம் பண்ணுச்சு? முன்னுரையும் வேணாம். அதுவும் உங்களைப் பத்தித்தான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். பிறகு, அந்த வருடம் நீ சின்னதாக ஒன்று செய்திருந்தாயே என்று ஆரம்பித்தார். பரீட்சைக்காக ஒவ்வொரு மாணவரும் ஒன்று செய்தாக வேண்டும், அவளும் செய்திருந்தாள். மற்றவர்கள் செய்தது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது, ஒரு மாணவன் வாளியில் கோலிக்குண்டு உருட்டிப் பதிந்ததுகூட. அவள் செய்ததில் ஒரு சத்தம்கூட நினைவுக்கு வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். "எனக்கும் மறந்துடுச்சுப்பா" என்றாள். அது உண்மையா, அவரைத் தப்பிக்க விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. இரண்டு தெரு தள்ளி எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, தண்ணீர் தரைக்கு மேலே வராததால் இடம் தெரியவில்லை என்றார்கள். மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிப்பது அவள் வேலை. அவளுக்கு என்ன வேலை என்று அவர் விவரமாகக் கேட்டதே இல்லை, குழாய் வேலை என்று பொதுவாகத் தெரியும். ரயிலுக்கு நேரம் இருந்தது. நானும் வரட்டுமா என்றார். வாங்க என்றாள்.

தெரு முனையில் வாரியத்தின் வேன் நின்றிருந்தது. தோண்டும் ஆட்கள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒயர் கோத்த கனமான கிண்ணம் போன்ற ஒன்றைத் தரையில் வைத்தாள். கண்ணை மூடினாள். எடுத்து ஓரடி தள்ளி வைத்தாள். மறுபடி கண்ணை மூடினாள். ஒரு ஸ்கூட்டர் போய் ஓயும்வரை அப்படியே நின்றாள். அவளுடைய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த விதத்தை வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனையோ மாணவர்களைப் பார்த்தவர், அப்படிக் கேட்கிற ஒருவரை அவர் பார்த்ததில்லை. ஒரு மஞ்சள் வீட்டின் கேட்டுக்கு முன்னால் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள்.

ஆட்கள் எழவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி, வேன் பக்கத்தில் நின்றிருந்த உதவிப் பொறியாளரிடம் நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு கேட்டார், ஆமாம் மேடம் என்றார். பிறகு அவள் டிரைவரையும் கூப்பிட்டு அவர் காதிலும் மாட்டினாள். அவரும் ஆமாம் என்றார். அதன் பிறகுதான் தோண்டச் சொன்னாள்.

உதவிப் பொறியாளர் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்று, நீங்கள் மேடத்தின் அப்பாவா என்று விசாரித்தார். பிறகு சிரித்தபடி சொன்னார்.

"மேடம் வட்டம் போட்ட இடத்துல தண்ணி வராம இருந்ததே இல்ல சார், நான் வந்த நாள்லேர்ந்து. ஆனா இன்னும் ரெண்டு பேரு கேட்டு ஆமான்னு சொன்னாத்தான் தோண்ட விடுவாங்க. ஏன்னு கேட்டா, என் காதை நம்பாதீங்கப்பான்னுவாங்க. நாங்க வேடிக்கைக்கு அவங்களை சாட்சி மேடம்னுதான் கூப்பிடுவோம்."

தார் உடைக்கும் இயந்திரம் அலறத் தொடங்கியது. அவள் ஆட்களுக்கு ஏதோ கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்தார், என்ன சொல்வதற்காகக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வட்டத்தின் நடுவிலிருந்து தண்ணீர் மேலே வந்து, அவள் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவோரமாக ஓடியது.